பிள்ளை பார்க்கும் கேமிங் வீடியோ அவன் வயதுக்குச் சரியா? பெற்றோர் தாங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

திரையில் ஒரு பஸ் மலைப்பாதையில் வளைந்து ஏறுகிறது. இன்னொரு நாள் கட்டம் கட்டமாக யாரோ வீடு கட்டுகிறார்கள். சமையல் வேலைக்கு நடுவில் எட்டிப் பார்க்கும் அம்மாவுக்கு அதில் தப்பாக எதுவும் தெரிவதில்லை. ஆனால் பிள்ளையின் காதில் ஹெட்போன் இருக்கிறது. கேமிங் வீடியோவில் பாதி படம், பாதி பேச்சு. பெரும்பாலான வீடுகளில் சோதிக்கப்படுவது படம் மட்டும்தான்.

விளையாடிக்கொண்டே பேசும் அந்த ஆளைத் தமிழ்ப் பிள்ளைகள் 'அண்ணா' என்றுதான் அழைக்கிறார்கள். கமெண்டிலும் அண்ணா, வீட்டில் சொல்லும்போதும் 'அந்த அண்ணா சொன்னாரு'. உறவுமுறை வைத்துக் கூப்பிடும் ஒருவர் சொல்வதைப் பிள்ளை எளிதில் நம்பும். ஆகவே எந்த கேம் என்பதோடு, அந்த அண்ணன் எப்படிப்பட்டவர் என்பதையும் பார்த்தாக வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து.

2021 ஜூனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பப்ஜி லைவ்களில் பெண்களை ஆபாசமாகப் பேசிய தமிழ் யூடியூபர் ஒருவரை சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீஸார் தருமபுரியில் கைது செய்தார்கள். சேனலின் பெயரிலேயே '18+' என்று இருந்தது. அப்படியிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் தெரிந்ததெல்லாம் வேறு லட்சம் வீடியோக்களில் இருக்கும் அதே துப்பாக்கிச் சண்டைதான்.

முதல் படி: உண்மையில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளையிடம் 'என்ன பார்க்கிற?' என்று கேட்டால் கேமின் பெயர்தான் வரும். சேனலின் பெயர் வேண்டும். யூடியூப் செயலியில் கீழே வலது ஓரத்தில் இருக்கும் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டால் ஹிஸ்டரி தெரியும். அதில் 7 நாள் பட்டியலைக் கீழே வரை தள்ளிப் பார்த்து, அடிக்கடி வரும் 3 அல்லது 4 சேனல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸும் அதே பட்டியலில் தனி வரிசையாக வரும், அதை விட்டுவிடாதீர்கள். எத்தனை மணிக்குப் பார்த்தது என்பது வேண்டுமானால் கூகுளின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் யூடியூப் பகுதியைத் திறக்க வேண்டும். இரவு 12 மணிக்கு ஓடிய லைவ் அங்கே நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

இங்கே வழக்கமாக ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஹாலில் இருக்கும் டிவியில் அப்பாவின் கணக்கு போட்டிருப்பார்கள். அவர் பார்ப்பதும் பிள்ளை பார்ப்பதும் கலந்து, இருவருக்குமே தாறுமாறான பரிந்துரைகள் வரும். இரண்டு, இன்காக்னிட்டோவில் (பார்த்ததைப் பதிவு செய்யாத முறையில்) பார்த்தாலும் பார்த்த பிறகு அழித்தாலும் ஹிஸ்டரியில் எதுவும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' திறந்து, யூடியூப் இன்று எத்தனை நிமிடம் ஓடியது என்று பாருங்கள். அங்கே 2 மணி நேரம் காட்டி, ஹிஸ்டரியில் 3 வீடியோ மட்டும் இருந்தால் மிச்ச நேரம் எங்கே போனது என்று கேட்கலாம். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள். ஒருமுறை திட்டு விழுந்தால் அடுத்த முறை பக்கத்து வீட்டுப் போனில் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாம் படி: எந்த கேம், அது யாருக்காகச் செய்யப்பட்டது?

கேம்களுக்கு வயது மதிப்பீடு உண்டு. நம் நாட்டு ப்ளே ஸ்டோரில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று காட்டும். அந்த எண்ணைத் தொட்டால் வன்முறையா, பயமூட்டலா, எதனால் அந்த வயது என்று ஒரு வரியில் சொல்லும். கணினி, பிளேஸ்டேஷன் கேம்கள் ப்ளே ஸ்டோரில் இல்லாவிட்டால் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெகி மதிப்பீடுகளைத் தேடலாம். மைன்கிராஃப்ட் பெகியில் 7, இஎஸ்ஆர்பியில் 10-க்கு மேல். ஜிடிஏ 5 பெகியில் 18, இஎஸ்ஆர்பியில் 17-க்கு மேல்.

ஜிடிஏவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் சின்னப் பிள்ளைகள் மிக அதிகமாகப் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. 2013-ல் பெரியவர்களுக்காக வந்த கேம் அது. கதையில் ஓர் ஆளைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் கட்டமே இருக்கிறது, ஆடை களைந்து ஆடும் கிளப்பும் இருக்கிறது. ஆனால் யூடியூபர்கள் அதே கேமுக்குள் சூப்பர் ஹீரோ உடை, நம்மூர்க் கார், பைக் எல்லாம் 'மோட்' செய்து, அதாவது கேமின் கோப்புகளை மாற்றிப் புகுத்தி, காமெடிக் கதையாக மாற்றிப் போடுகிறார்கள். அந்த வீடியோ மட்டும் என்றால் 8 வயதுப் பிள்ளைக்குப் பெரிய கெடுதல் இல்லாமலும் இருக்கலாம். சிக்கல் அதற்கு அடுத்ததில். ஜிடிஏ பார்க்கிறான் என்று தெரிந்ததும் யூடியூப் வேறு ஜிடிஏ வீடியோக்களைக் கொண்டுவந்து நிறுத்தும், அவை அப்படி வடிகட்டியவையாக இருக்காது.

பொம்மையைப் பார்த்து ஏமாறும் வகை ஒன்றும் உண்டு. நீல நிறத்தில், நீளக் கையோடு, வாய் நிறையப் பல்லோடு இருக்கும் ஹக்கி வக்கி பொம்மை கடைகளில் தொங்குகிறது. அது 2021-ல் வந்த 'பாப்பி பிளேடைம்' என்ற திகில் கேமின் அரக்கன். பொம்மை கேட்டு வாங்கிய 5 வயதுப் பிள்ளை அதன் பெயரைச் சொல்லித் தேடினால் இருட்டு ஆலைக்குள் துரத்தும் வீடியோதான் வரும். அன்றிரவு தனியாகப் பாத்ரூம் போகப் பயந்தால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

ரோப்லாக்ஸ் ஒரே கேம் அல்ல. பயனர்களே செய்து போட்ட லட்சக்கணக்கான கேம்களின் தொகுப்பு அது. 'ரோப்லாக்ஸ் வீடியோ' என்று பொதுவாக அனுமதி கொடுக்க முடியாது, உள்ளே எந்த கேம் என்று பெயர் கேட்க வேண்டும்.

வன்முறையை அளக்க ஓர் எளிய கேள்வி போதும்: அடி யார்மேல் விழுகிறது? ஆயுதத்தோடு எதிரே நிற்கும் எதிரணி மீதா, ரோட்டில் சும்மா நடந்து போகிறவர் மீதா? பின்னதைச் செய்துவிட்டு அதையே சிரிப்புக்குரிய விஷயமாக ஆக்கினால், 12 வயதுக்குக் கீழே வேண்டாம் என்றே சொல்வோம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் நம்மூர் அரசுப் பேருந்தின் நிறம் பூசி, ஹாரன் மாற்றி ஓட்டும் வீடியோக்கள் ஏராளம். வன்முறை சிறிதும் இல்லை. அதையும் மூன்றாம் படியில் சோதிக்காமல் விடாதீர்கள்.

மூன்றாம் படி: 25 நிமிடக் காதுச் சோதனை

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். ஒரு சேனலைச் சோதிக்க 25 நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளை தூங்கிய பிறகு, உங்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்யுங்கள்.

சேனலின் வீடியோ பக்கத்தில் புதியவை, பிரபலமானவை, பழையவை என்று வரிசைப்படுத்த முடியும். 5 வீடியோ எடுங்கள்: அதிகம் பேர் பார்த்தது ஒன்று, இந்த வாரம் வந்தது ஒன்று, பழையது ஒன்று, லைவ் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். முழுதாகப் பார்க்கத் தேவையில்லை, எங்கே பார்ப்பது என்பதுதான் விஷயம்.

முதல் ஒரு நிமிடம் கேளுங்கள். யாரை நினைத்துப் பேசுகிறார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பிறகு வீடியோவுக்குக் கீழே ஓடும் கோட்டில் விரலை வையுங்கள். அதிகம் பேர் பார்த்த வீடியோக்களில் சின்ன மலைத்தொடர் போல ஒரு வரைபடம் எழும். பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த இடங்கள் அவை. அதன் உச்சிக்குப் போங்கள். அங்கே நல்ல ஆட்டம் இருந்தால் அந்தச் சேனலின் ரசிகர்கள் ஆட்டத்துக்காக வருகிறார்கள். அங்கே யாரையாவது வசைபாடும் இடம் இருந்தால் அதற்காகத்தான் வருகிறார்கள் என்று பொருள்.

அடுத்து அவர் தோற்கும் இடம். கோட்டை மெல்ல இழுத்தால் சின்னப் படங்கள் ஓடும், ஆட்டம் முடிந்து முடிவுத் திரை வரும் இடத்தில் நிறுத்தி, அதற்கு முந்தைய 30 நொடியைக் கேளுங்கள். ஜெயிக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். தோற்றவுடன் கூட ஆடியவனைத் திட்டுகிறாரா, எதிரியின் தாயை இழுக்கிறாரா, டேபிளைக் குத்துகிறாரா, 'சரி, அடுத்த மேட்ச் பாத்துக்கலாம்' என்று போகிறாரா? பிள்ளை நாளைக்கு கேரம் போர்டில் தோற்கும்போது செய்யப்போவது இதைத்தான்.

லைவ் என்றால் முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போங்கள். எடிட் செய்த வீடியோவில் கத்தரி போட்டுவிடலாம். 3 மணி நேர லைவில் களைப்பு வந்த பிறகு வாயை அடக்குவது கடினம். கூடவே ஓடும் சாட்டில் 'டாப் சாட்' என்று இருப்பதை 'லைவ் சாட்' என்று மாற்றுங்கள். முதலாவது வடிகட்டியது, இரண்டாவதில்தான் எல்லாம் தெரியும். சாட்டில் ஒருவன் அசிங்கமாக எழுதும்போது அந்த அண்ணன் சிரிக்கிறாரா, அவனைச் சாட்டிலிருந்து நீக்குகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

ஆங்கிலச் சேனல் என்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. தானியங்கி வசன வரிகளில் கெட்ட வார்த்தை வரும் இடத்தில் யூடியூப் எழுத்தை விட்டுவிட்டு அடைப்புக்குள் கோடு மட்டும் போடும். கணினியில் வீடியோ விவரத்துக்குள் முழு வசனத்தையும் திறந்து, அந்தக் கோடுகளை எண்ணினால் 20 நிமிட வீடியோவை 1 நிமிடத்தில் அளந்துவிடலாம். தமிழுக்கு இதை நம்பாதீர்கள், பேச்சுத் தமிழ் வசவுகள் இயந்திரத்துக்குப் பிடிபடுவதில்லை. காதால் கேட்பதுதான் வழி.

பீப் ஒலி போட்டிருந்தால் சரிதானே என்று கேட்பார்கள். சரியில்லை. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் கேட்டால் பிள்ளை நடுவை நிரப்பிக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தரும் நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். கெட்ட வார்த்தையைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: சாதியைச் சொல்லி இழிவு, நிறத்தையும் உடல் பருமனையும் சொல்லிக் கிண்டல், 'பொண்ணு மாதிரி ஆடுற' என்ற பேச்சு. இதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இருக்காது, எந்த வடிகட்டியிலும் மாட்டாது. வீட்டில் பேசக் கூடாது என்று நீங்கள் நினைப்பதை அந்த வீடியோ தினமும் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கும்.

கடைசியாகச் சேனலின் விவரப் பகுதியைத் திறந்து இரண்டாவது சேனல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதில் சுத்தமாகப் பேசி, 'அன்சென்சார்' என்று இன்னொன்று நடத்துபவர்கள் உண்டு.

நான்காம் படி: காசு எங்கே வருகிறது?

ஒரு 20 நிமிட வீடியோவில் டைமண்ட், யூசி, ரோபக்ஸ் (மூன்றும் கேமுக்குள் செல்லும் காசு), ஸ்பின் (அதிர்ஷ்டச் சுற்று), டாப்-அப் (காசு ஏற்றுவது) ஆகிய சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு இயல்பு. வீடியோவே ஸ்பின் சுற்றுவது என்றால் கவனம் தேவை. ஃப்ரீ ஃபயரின் 'லக் ராயல்' போன்றவற்றில் காசு கொடுத்துச் சுற்றினால் என்ன விழும் என்பது அதிர்ஷ்டம். நூறு முறை சுற்றியதில் விழாதவற்றை வெட்டிவிட்டு விழுந்த ஒன்றை மட்டும் காட்டினால், சுற்றினாலே விழும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். 10 வயதில் அந்தக் கணக்கு புரியாது. நீங்கள்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

வீடியோ தொடங்கும்போது மூலையில் 'பணம் பெற்ற விளம்பரம் உள்ளது' என்ற பொருளில் ஒரு வரி சில நொடிகள் வந்து மறையும். அது வந்தால் எதற்கான விளம்பரம் என்று பாருங்கள். ரம்மி, நிறத்தைக் கணித்துச் சொல்லும் ஆப், 'ஆடினா காசு' என்று எதுவாக இருந்தாலும் அந்தச் சேனலை அன்றோடு நிறுத்திவிடுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளோடு அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளும் 18 வயதுக்குக் கீழானோர் அவற்றை ஆடுவதைத் தடுக்கின்றன. அதைத் தெரிந்தும் பிள்ளைகள் பார்க்கும் வீடியோவில் போடுகிறவர் மற்ற எதிலும் பொறுப்பாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்குகளையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். டிஸ்கார்ட், டெலிகிராம் குழு என்றால் பிள்ளை முன்பின் தெரியாதவர்களோடு பேசும் இடம். டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்ச வயது 13. மோட் ஏபிகே என்றால் ப்ளே ஸ்டோரின் சோதனைக்கு வெளியே இருந்து போனுக்குள் ஏறும் கோப்பு. 'இலவச டைமண்ட்' லிங்க் கேமின் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கேட்டால் அது திருட்டுதான், விதிவிலக்கே இல்லை. கிவ்அவேயில் (இலவசப் பரிசுப் போட்டியில்) ஜெயித்தவரிடம் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய தேவை யாருக்கும் கிடையாது என்பதைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிவையுங்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் உறுதிப்பாடு கேட்கும்படி வைத்து, யுபிஐ பின் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு குறையும்.

ஐந்தாம் படி: முடிவு, அதன்பின் செட்டிங்ஸ்

சேனலை மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள். தனியாகப் பார்க்கலாம். ஹாலில், ஸ்பீக்கரில், வீட்டார் காதில் விழும்படி பார்க்கலாம். வேண்டாம். பெரும்பாலானவை இரண்டாவதில்தான் விழும், அது தப்பில்லை. 13 வயது வரை கேமிங் வீடியோவுக்கு ஹெட்போன் இல்லை என்ற ஒரே விதி, பத்து செட்டிங்ஸ் செய்யும் வேலையைச் செய்யும்.

செட்டிங்ஸில் எது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். 'சேனலைப் பரிந்துரைக்காதே' என்பதைத் தட்டினால் பரிந்துரை நிற்கும், தேடினால் வரும். 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' (பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் அமைப்பு) ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி. போனில் போட்டால் டிவியில் வராது. தமிழ்ப் பேச்சை அது சரியாகப் பிடிப்பதும் இல்லை. 'குழந்தைகளுக்கானது' என்ற அடையாளத்தைப் பெரும்பாலும் வீடியோ போட்டவரே வைக்கிறார். அதை வைத்தால் கமெண்ட் மூடும், தனிப்பயன் விளம்பரம் நின்று வருமானம் குறையும். அதனால் நல்ல சேனல்கள்கூட வைக்காமல் இருப்பதுண்டு.

8 வயதுக்குக் கீழே யூடியூப் கிட்ஸ் போதும். அதில் சேனலையே பிளாக் செய்யலாம், தேடலை அணைக்கலாம், டைமர் வைக்கலாம். 'நானே தேர்ந்தெடுத்தவை மட்டும்' என்ற அமைப்பு, கொஞ்சம் உழைப்பு கேட்டாலும், எல்லாவற்றிலும் உறுதியானது. 9-லிருந்து 12 வரை உள்ளவர்கள் அதைக் குழந்தைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர்களுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகத் தனிக் கணக்கு தொடங்கி, பெற்றோர் கண்காணிப்பில் 'எக்ஸ்ப்ளோர்' நிலையில் வையுங்கள். அது 9 வயது முதலானவர்களுக்கானது, லைவ் வராது. 'எக்ஸ்ப்ளோர் மோர்' 13 முதல், அதில் லைவ் வரும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே முதலாவதில் வைப்பது நல்லது.

ஒரு சேனலை நிறுத்துவதென்றால் சப்ஸ்கிரைபை எடுத்து, அதன் வீடியோக்களை ஹிஸ்டரியிலிருந்து அழித்து, பரிந்துரைக்காதே என்று தட்டி, ஆட்டோபிளேயை அணைத்து, பிறகு நல்ல வீடியோ 5 அல்லது 6-ஐ ஓடவிடுங்கள். ஹிஸ்டரியை அழிக்காமல் விட்டால் அதே மாதிரி வேறொரு சேனல் அடுத்த நாளே வந்து நிற்கும்.

பிள்ளையிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வீடியோ பாருங்கள், கேள்வியை அவர்கள் பக்கமிருந்து கேளுங்கள்: 'இந்த அண்ணா தோத்தா என்ன பண்ணுவாருடா?', 'இவரு பேசுற மாதிரி தாத்தா முன்னாடி பேசலாமா?', 'அந்த ஸ்கின் வாங்க அவருக்கு யாரு காசு கொடுத்திருப்பாங்க?' பதில்களில் உங்களுக்குத் தெரியாத கேம் விவரம் நிறைய வரும். அதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் நிறுத்துவதற்கான காரணமும் அவர்கள் காதில் ஏறும்.

நேரத்தைப் பொறுத்தவரை, 2 முதல் 5 வயதுக்கு நாளுக்கு 1 மணி நேரம், 5 முதல் 10 வயதுக்கு 2 மணி நேரத்துக்குக் கீழ் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. இது எல்லாத் திரைக்கும் சேர்த்து. நிறுத்தும்போது மேட்ச் நடுவில் பிடுங்காதீர்கள். ஃப்ரீ ஃபயர் மேட்ச் சுமார் 10 நிமிடம், பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) அரை மணி வரை இழுக்கும். 'இந்த மேட்ச் முடிஞ்சதும்' என்று சொன்னால் சண்டை பாதியாகக் குறையும்.

சோதித்த பிறகு 7 நாள் பிள்ளையைக் கவனியுங்கள். தூக்கத்தில் திடுக்கிடல், தம்பி தங்கையிடம் புதிதாக வரும் வசவு, திரும்பத் திரும்பக் காசு கேட்பது, நீங்கள் அறைக்குள் வந்ததும் திரை மாறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த வாரம் பார்த்ததை மறுபடி கேளுங்கள்.

ஒருமுறை தேறிய சேனலை 3 மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதிக்க வேண்டும். 2020 செப்டம்பரில் பப்ஜி, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்று தடைகள் வந்தபோதெல்லாம் அவற்றை மட்டும் ஆடிக்கொண்டிருந்த சேனல்கள் வேறு கேமுக்குத் தாவ வேண்டியிருந்தது. நீங்கள் அனுமதித்தது மைன்கிராஃப்ட் வீடு கட்டிய ஒருவரை. அதே பெயரில், அதே படத்தோடு, இன்று அங்கே ஓடுவது திகில் கேமாக இருக்கலாம். பிள்ளையின் சப்ஸ்கிரிப்ஷனில் அது அப்படியேதான் இருக்கும். அடுத்த சோதனைத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.